பண்டிகைக்கு முதல்முறை விமானத்தில் ஊருக்குப் போகிறீர்களா? ஊறுகாய் பாட்டிலில் இருந்து தொடங்குவோம்

டில்லிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மதுரைக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. திறந்த வேகத்தில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். வேறு வழியில்லாமல் விமானம். அப்பா அம்மாவை முதல்முறை விமானத்தில் கூட்டிவந்தபோதுதான், எனக்குப் பழகிப்போன பல விஷயங்கள் புதிதாகப் போகிறவர்களுக்கு எவ்வளவு குழப்பம் என்று புரிந்தது. ஏர்போர்ட்டில் நடக்கும் பதற்றத்தில் முக்கால்வாசி வீட்டில் பை கட்டும்போதே சேர்த்துக் கட்டப்படுகிறது. அதனால் இந்தக் குறிப்பிலும் வீட்டு வேலைதான் அதிகம்.

படி 1: விலையோடு நேரத்தையும் பாருங்கள்

ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊருக்குப் போய்வரும். காலையில் அரை மணி தாமதமானால் சாயங்காலத்துக்குள் அது இரண்டு மணி நேரமாக வளர்ந்திருக்கும். ஆகவே பொதுவாக அதிகாலை விமானம் நல்லது.

ஆனால் டிசம்பர், ஜனவரியில் டில்லியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். மூடுபனி விலகவே ஒன்பது, பத்து மணியாகும். அந்த மாதங்களில் நான் பகல் 11 மணிக்கு மேல் கிளம்பும் விமானத்தைத்தான் எடுப்பேன். சென்னைக்கு இன்னொரு விசேஷம் உண்டு: போகி. 2018 போகியன்று காலை, பனியும் பழைய பாய் எரித்த புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போய், சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். போகி காலை சென்னையில் இறங்கும் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மழைக்காலத்துக்கும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். தீபாவளிக்கு முந்தின இரவு வந்து சேரும்படி டிக்கெட் எடுத்தால், எண்ணெய்க் குளியல் ஏர்போர்ட் நாற்காலியில்தான்.

சென்னையில் இறங்கி வேறு விமானம் மாறுவதாக இருந்தால், இரண்டையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட் உங்கள் தலையில்.

படி 2: இனிஷியலை விரித்து எழுதுங்கள்

டிக்கெட் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு ஏது? அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். முத்து, எஸ். என்று ஆதாரில் இருந்தால், முத்து என்பது பெயர், எஸ். எதன் சுருக்கமோ அது கடைசிப் பெயர். வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால், விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடுத்த டிக்கெட்டாக இருந்தால், டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள். திருத்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி.

கைக்குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குள் என்று நிரூபிக்கக் கேட்பார்கள்.

படி 3: பை கட்டுதல்

சாதாரண உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் ஏற்றி அனுப்பும் பைக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. வீட்டில் எடை மெஷின் இருந்தால் பையோடு ஏறி நில்லுங்கள், பிறகு பையில்லாமல். கழித்தால் பையின் எடை. ஒன்றிரண்டு கிலோ கூடும் போலிருந்தால் முந்தின நாளே ஆன்லைனில் வாங்குவது மலிவு. கவுன்ட்டரில் கிலோவுக்கு வாங்கும் தொகையைக் கேட்டால் அந்த அரிசி மாவையே அங்கே விட்டுவிட்டு வரலாமென்று தோன்றும்.

இனி அந்த ஊறுகாய். அம்மா ஒரு கிலோ மாங்காய் ஊறுகாயைக் கைப்பையில், துணியில் சுற்றி, “இது என் மடியிலேயே இருக்கட்டும்” என்று வைத்திருந்தாள். ஸ்கேனரில் பை நின்றது. பாதுகாப்பு அதிகாரி மூடியைத் திறந்து பார்த்து, எண்ணெய் மிதக்கிறது, போகாது என்றார். திரும்பிப் போய்ப் பெரிய பையில் போடலாமென்றால் அது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. பாட்டில் தொட்டிக்குப் போனது. அம்மா விமானத்தில் ஏறி, மேகத்தைப் பார்த்து, இறங்கும்வரை அந்த ஊறுகாயைப் பற்றியேதான் பேசினாள்.

ஊறுகாய், நெய், நல்லெண்ணெய், மிளகாய்ப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் பெரிய பையில்தான். மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி, டேப் சுற்றி, இரண்டு கவருக்குள் போட்டு, பழைய லுங்கிக்கு நடுவே வையுங்கள். முறுக்கும் அதிரசமும் கையில் வரலாம். பெரிய பையில் போட்டால் முறுக்கு மாவாகத்தான் வந்து சேரும். அருவாமனை, குத்துவிளக்கு, கத்தரிக்கோல் பெரிய பையில்.

எந்தப் பையிலும் போகக் கூடாதவையும் உண்டு. பட்டாசு அறவே கூடாது. கம்பி மத்தாப்பும் பொட்டு வெடியும்கூடப் பட்டாசுதான். தீப்பெட்டி, லைட்டர் கூடாது. சாமி சாமான் பையில் சூடத்தோடு தீப்பெட்டி ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். கொப்பரையும் கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்ததால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். முழுத் தேங்காயும் கைப்பையில் போகாது. சபரிமலை இருமுடிக்கு மட்டும் 2024-ல் அந்த சீசனுக்குச் சலுகை கொடுத்தார்கள்.

பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். வரை கவலையில்லை. பெரிய பையில் மறந்து வைத்தால் பையைத் திறக்க உங்களைத் தேடுவார்கள், அதுவும் சரியாக நீங்கள் காபி வாங்கி உட்கார்ந்த நேரத்தில்.

படி 4: முந்தின நாள்

வெப் செக்-இன், அதாவது வருகிறோம் என்று இணையத்திலேயே பதிந்து போர்டிங் பாஸ் (விமானத்தில் ஏறும் சீட்டு) எடுப்பது, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். முடித்துவிட்டு போர்டிங் பாஸை போனில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காசு கட்டிச் சீட் எடுக்கச் சொல்லி நச்சரிக்கும், கட்டாயமில்லை. 12 வயது வரையுள்ள குழந்தையைப் பெற்றோரில் ஒருவருக்காவது பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று 2024-லேயே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவு போட்டிருக்கிறது.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீல்சேர் இப்போதே கேட்டுவிடுங்கள். “எனக்கென்ன, நான் நடப்பேன்” என்று அப்பா முறைப்பார். பரவாயில்லை.

படி 5: கிளம்பும் நாள்

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்ற இரண்டு முனையங்களிலும் (டெர்மினல்) கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது என்று பார்த்து ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். மெட்ரோ ஏர்போர்ட் வரையே போகிறது. பண்டிகை நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டை நம்புவதைவிட அது மேல்.

பண்டிகை நேரத்தில் இரண்டரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பை போடும் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பும், விமானத்தில் ஏறும் கேட் 25 நிமிடம் முன்பும் மூடும். பேருந்து மாதிரி “ஓடி வர்றோம், நிறுத்துங்க” எல்லாம் நடக்காது. டிஜியாத்ரா செயலியில் ஆதாரைப் பதிந்திருந்தால் வாசல் வரிசையில் முகத்தைக் காட்டிவிட்டே போகலாம், ஓ.டி.பி. வரும், ஆகவே வீட்டிலேயே பதியுங்கள்.

சோதனையில் போன், பர்ஸ், வாட்ச், பெல்ட், லேப்டாப் எல்லாம் தட்டில். அப்பா எல்லாவற்றையும் கழற்றியும் மெஷின் கத்தியது. இரண்டாம் முறையும் கத்தியது. மூன்றாம் முறை அவரே வெட்கத்தோடு சட்டையைத் தூக்கிக் காட்டினார்: வெள்ளி அரைஞாண் கொடி. சோதனை செய்த சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியப் பாதுகாப்புப் படை) காரர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். கொடி, தாயத்து இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெண்களுக்குத் திரை போட்ட இடத்தில் பெண் காவலர்தான் சோதிப்பார்.

உள்ளே போனதும் உங்கள் கேட் எண்ணைத் திரையில் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சென்னை உட்படப் பல இடங்களில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துவிட்டார்கள்.

படி 6: தாமதமானால்

சண்டை போடும் முன் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டரை மணிக்குள் போய்ச்சேரும் விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். டில்லி–சென்னை போல அதைவிட நீண்ட பயணத்துக்கு 3 மணி நேரம். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டுமென்று நீங்கள் சொல்லலாம். புயல், பனி காரணமென்றால் தனியாக நஷ்டஈடு கிடையாது. கவுன்ட்டர் வரிசையில் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் செயலியில் மாற்று விமானம் தேடட்டும். பெரும்பாலும் செயலிதான் ஜெயிக்கும்.

படி 7: இறங்கும்போது

தரையிறங்க அரை மணி இருக்கும்போதே காது அடைக்கும். ஆரஞ்சு மிட்டாய் சப்பினால் போதும். விழுங்க விழுங்கக் காது திறக்கும். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பால் கொடுங்கள்.

பெல்ட்டில் சுற்றிவரும் பைகளில் பாதி ஒரே நீலம். எங்கள் பையின் பிடியில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைக் கிழிசல் ஒன்று கட்டியிருக்கும், தூரத்திலேயே தெரியும். பை வரவில்லையா? வெளியே போய்விடாதீர்கள். பெல்ட் பக்கத்திலேயே விமான நிறுவனத்தின் கவுன்ட்டர் இருக்கும். போர்டிங் பாஸில் ஒட்டிய சிட்டையைக் காட்டிப் புகார் எழுதி, நகலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு வாசலுக்கு வாருங்கள்.