நீலப் பூத்தட்டைப் படிப்பது எப்படி? பழைய ஜப்பானியப் பீங்கான், முதல் பாடம்

கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி சந்தை கூடும். அங்கே பழைய நீல-வெள்ளைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். உண்மையில் அப்படி இல்லை.

இந்த வகைக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் சொமெத்சுகே. வெள்ளைப் பீங்கானில் கோபால்ட் கலந்த 'கோசு' சாயத்தால் வரைந்து, மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். கியூஷு தீவின் அரிதா ஊரில் 1610-களில் தொடங்கிய தொழில் இது. சரக்கு இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் 'இமாரி' என்றும் பெயர் வந்தது.

படி 1: தட்டை மெத்தென்ற துணிமேல், பகல் வெளிச்சத்தில் வையுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

படி 2: கோடுகளைப் பாருங்கள். அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். கையால் வரைந்ததில் கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலியும். நிரப்பிய இடத்தில் சாயம் தேங்கி, ஓரம் கருத்திருக்கும். மெய்ஜி காலத்தில் (1868–1912) 'இன்பான்' என்ற அச்சுமுறை பரவியது. வெட்டிய காகிதத்தை வைத்துச் சாயம் தேய்த்திருந்தால் கோடுகள் இடையிடையே அறுந்திருக்கும். வெட்டிய காகிதம் பிரிந்து விழாமல் இருக்க விட்ட இணைப்புகள்தாம் அந்த இடைவெளிகள். செப்புத் தகட்டிலிருந்து காகிதத்தில் அச்சிட்டு, அதைத் தட்டில் ஒட்டிச் சாயத்தை மாற்றியிருந்தால் மயிரிழைக் கோடுகள் தெரியும். தட்டின் வளைவைக் கவனியுங்கள்: காகிதத்தின் இரு முனைகள் சேருமிடத்தில் கொடியும் பூவும் பொருந்தாமல் நிற்கும். எனக்கு அந்தப் பொருந்தாமைதான் பிடிக்கும். அவசரமாக ஒட்டிய ஒரு கை அங்கே தெரிகிறது.

படி 3: நீலம் எப்படிப்பட்டது? இயற்கைக் கோசுவில் இரும்பும் மாங்கனீசும் கலந்திருப்பதால் நிறம் சற்றுச் சாம்பல் ஓடும். 1870-இல் ஜெர்மன் வேதியியலாளர் காட்ஃப்ரீட் வாகெனர் அரிதாவுக்கு வந்து, இறக்குமதியான செயற்கைக் கோபால்ட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். கண்ணைப் பறிக்கும் நீலம் என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 4: கவிழ்த்துப் பாருங்கள். பெரிய தட்டின் அடியில் சின்னப் புள்ளித் தழும்புகள் இருக்கலாம். சூளையில் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் களிமண் முளைகள் தாங்கிய இடம் அது, குறையல்ல. சீனப் பேரரசர் செங்ஹுவாவின் (1465–1487) ஆட்சிக் குறி, அதாவது அவர் காலத்தில் செய்தது என்று சொல்லும் எழுத்து, இருந்தால் ஏமாறாதீர்கள், ஜப்பானியக் குயவர்கள் அதை அலங்காரமாகவே எழுதினார்கள். ஆங்கில எழுத்தில் 'நிப்பான்' (ஜப்பானியர் தம் நாட்டுக்குச் சொல்லும் பெயர்) என்றோ 'ஜப்பான்' என்றோ இருந்தால், அமெரிக்கா 1891 முதல் நாட்டுப் பெயர் கேட்டதால் ஏற்றுமதிக்காகப் போட்டதாக இருக்கும்.

படி 5: விரல் நுனிகளில் தட்டை நிறுத்தி, நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். கணீரென்றால் சரி. மந்தமான சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

முதலில் வாங்க இன்பான் தட்டுதான் நல்லது. நிறையச் செய்யப்பட்டதால் விலை குறைவு, தினமும் சாப்பிடவும் தோதானது. வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவுங்கள். அரக்கால் ஒட்டிப் பொன்துகள் பூசிய விரிசல் இருந்தால் நீரில் ஊறப்போடாதீர்கள், மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள்.