ஆண்டை மறைத்து ஒரு ஆட்டம்: பழைய பேப்பரும் பங்குச் சந்தையும்

பேப்பரில் ஒரு தலைப்பைக் கண்டதும் பங்குகளை விற்க ஓடுகிறவரா, வாங்க ஓடுகிறவரா நீங்கள்? காசு போடாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். நாலைந்து பேர் கூடினால் வயிறு வலிக்கச் சிரிக்கவும் செய்யலாம்.

ஆனந்த குமாரசுவாமி மாவத்தையிலுள்ள கொழும்பு பொது நூலகத்திலோ, கொழும்பு 7 தேசிய சுவடிகள் காப்பகத்திலோ பழைய பேப்பர்களைக் கேளுங்கள். டிசெம்பர் கடைசி வார வர்த்தகப் பக்கங்களே போதும். உயிர்கள் போன நாட்களின் முதற்பக்கங்களை ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம். அந்தப் பக்கங்களில் நம் சொந்தங்களின் பெயர்கள் இருக்கும்.

பன்னிரண்டு தலைப்புகளை ஒவ்வொரு அட்டையில் எழுதுங்கள். பின்பக்கத்தில் ஆண்டும் அந்த ஆண்டிறுதியின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணும் (கொழும்புப் பங்குச் சந்தையின் எல்லாப் பங்குகளின் விலைப்போக்கையும் ஒரே எண்ணில் காட்டுவது). ஆறு நல்ல செய்தி, ஆறு கெட்ட செய்தி. கெட்டதை மட்டும் எடுத்தால் 'பயந்தவன் தோற்றான்' என்ற பாதிப் பாடம்தான் கிடைக்கும். பாண் விலை, டொலர் விலை, ஜனாதிபதி பெயர் மூன்றும் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். தலைப்பில் அவை வந்தால் கறுப்புப் பேனையால் அடித்துவிடுங்கள்.

அட்டையை வாசித்ததும் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும்: கையில் ஒரு இலட்சம் ரூபாய், வாங்குவேனா, விற்பேனா, சும்மா இருப்பேனா, ஏன். பேனையால்தான் எழுத வேண்டும். பென்சில் கொடுத்தால் விடை தெரிந்தபின் எல்லோரும் ஞானிகளாகிவிடுவார்கள்.

இனி அட்டையைத் திருப்புங்கள். 2008 இறுதியில் சுட்டெண் ஏறத்தாழ 1,503. போர் நடந்துகொண்டிருந்தது, உலகமெங்கும் வங்கிகள் ஆட்டம் கண்டிருந்தன. 2010 இறுதியில் 6,636. அந்த ஒரு இலட்சம் இரண்டே வருடத்தில் நாலு இலட்சத்து நாற்பதாயிரம். கூட்டத்தில் பெரிய சத்தம் எழும் இடம் இது. ஆனால் அடுத்த அட்டைதான் முக்கியம். 2010 இறுதியில், எல்லோரும் பங்கைப் பற்றியே பேசிய நாளில் வாங்கியவருக்கு 2020 இறுதியில் சுட்டெண் 6,774. பத்து வருடத்தில் ஒரு இலட்சம் ஒரு இலட்சத்து இரண்டாயிரமானது. அதற்குள் டொலர் 111 ரூபாயிலிருந்து 186க்குப் போய்விட்டது. கெட்ட செய்தியைவிட நல்ல செய்தியே கையைச் சுட்ட அட்டை இது. இதைத் தவறாமல் சேருங்கள்.

2021 இறுதியில் 12,226, 2022இல் 8,490, 2024இல் 15,945. எரிபொருள் வரிசையில் நின்ற 2022இன் இறுதியில் வாங்கிப் பேசாமல் இருந்தவரின் இலட்சம் இரண்டு வருடத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பத்தெட்டாயிரம். ஆனால் 2022 கடைசியில் அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் 91 நாள் திறைசேரி உண்டியலுக்கே ஆண்டுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. அதையும் பக்கத்தில் எழுதாமல் பங்கை மட்டும் புகழ்வது நியாயமான கணக்கல்ல.

வெளிநாட்டு அட்டை ஒன்றும் வேண்டும். 1979 ஒகஸ்டில் அமெரிக்காவின் பிசினஸ் வீக் 'பங்குகளின் மரணம்' என்று அட்டைப்படக் கட்டுரை போட்டது. அமெரிக்கப் பங்குச் சுட்டெண்ணான டௌ ஜோன்ஸ் அப்போது 900க்குக் கீழே, 2000 ஜனவரியில் 11,700க்கு மேலே. இங்கேதான் எல்லோரும் சிரிப்பார்கள். 1982 ஒகஸ்டில் அது 777க்கு இறங்கியிருந்ததையும் உடனே சொல்லுங்கள். மூன்று வருடம் அந்தத் தலைப்பு சரியென்றே தோன்றியது. அந்த மூன்று வருடத்தையும் பொறுத்திருக்க முடியுமா என்று எல்லோரையும் கேளுங்கள்.

கணக்கு பிழைக்கும் இடங்கள் மூன்று. இந்தச் சுட்டெண்ணில் பங்கிலாபம் (கம்பனி பங்குதாரருக்குக் கொடுக்கும் இலாபப் பங்கு) சேராது, ஆகவே கையில் வந்த உண்மையான வருமானம் சற்றுக் கூட. தனிக் கம்பனி ஒன்றைப் பார்த்தால் பங்குப் பிரிப்பும் (ஒரு பங்கைப் பல பங்காக்குவது) உரிமை வழங்கலும் (இருக்கும் பங்குதாரருக்குப் புதுப் பங்கு விற்பது) பழைய விலையைக் குழப்பும். பேப்பரிலுள்ள விலையை இன்றைய விலையோடு நேரே ஒப்பிட்டால் ஏறிய பங்கும் விழுந்ததுபோலத் தெரியும். அதோடு, மூடப்பட்ட கம்பனிகள் இன்றைய பட்டியலில் இல்லை. இருப்பவற்றை மட்டும் பார்த்தால் எல்லாமே வென்றதுபோல் இருக்கும்.

கடைசியில் கொப்பியை எண்ணுங்கள். நல்ல அட்டைக்கு வாங்கி, கெட்ட அட்டைக்கு விற்றது ஏழுக்கு மேல் போனால், நேரம் பார்த்து வாங்குவது உங்களுக்குச் சரிவராது. சம்பளம் வந்த மூன்றாம் நாள், மாதாமாதம் ஒரே தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளின் கல்யாணத்துக்கோ, அடுத்த வருடப் பாடசாலைக் கட்டணத்துக்கோ வைத்த காசு இதில் சேராது. அதை நிலையான வைப்பில் விட்டுவிடுங்கள்.