வாத்துக் கூட்டம் எதிரே நின்றாலும், கூப்பிட்டால் வரும் நாய்

டெல்டா கிராமத்தில் நாய் வளர்க்கிற வீட்டுக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: கோழியைத் துரத்துகிறது, அறுத்த வயலில் மேயும் வாத்துக்குள் பாய்கிறது. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து ராத்திரி மட்டும் அவிழ்த்துவிடப்படும் நாய்தான் பெரும்பாலும் இப்படி ஓடும். சங்கிலியை இறுக்கிப் பயனில்லை. 'வா', 'விடு' என்ற இரண்டு சொல்லை உருப்படியாகப் பழக்கினால் போதும்.

குட்டி 8 வாரம் ஆனதுமே தொடங்கலாம். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். 6 அடிக் கயிறு ஒன்று, 15 அடி நைலான் கயிறு ஒன்று. தீனிக்கு, உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள், அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு 3 தடவை, சோறு வைப்பதற்கு முன்னால். சித்திரை வெயிலில் காலைப் பயிற்சியை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அப்பா 'உட்கார்' என்கிறார், பிள்ளைகள் 'சிட்' என்கிறார்கள், அப்பாயி 'குந்து' என்கிறார். நாய் யார் சொல்வதைக் கேட்கும்? வீடே ஒரு சொல்லில் நிற்க வேண்டும்.

உட்காரப் பழக்க, தீனியை மூக்குக்கு நேரே பிடித்து மெல்லத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். தலை நிமிர, பின்பகுதி தானாக இறங்கும். தரையைத் தொட்ட நொடியிலேயே கொடுங்கள். தாமதித்தால், எழுந்ததற்குத்தான் தீனி கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும். குதித்தால் கை உயரமாகப் போய்விட்டது என்று அர்த்தம். பின்னாலேயே நகர்ந்தால் சுவரோரம் நிறுத்திப் பழக்குங்கள். இடுப்பை அழுத்தி உட்கார வைக்காதீர்கள், குட்டியின் மூட்டுக்கு ஆகாது.

'வா' முதலில் வீட்டுக்குள். இரண்டு பேர் 10 அடி தள்ளி உட்கார்ந்து, பெயரையும் 'வா'வையும் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வந்ததும் பட்டையைப் பிடித்தபடியே தீனி கொடுத்து, உடனே மறுபடி விளையாட விடுங்கள். வந்த ஒவ்வொரு முறையும் கட்டிப்போட்டால் அடுத்த வாரம் பக்கத்தில்கூட வராது. திட்டவோ குளிப்பாட்டவோ கூப்பிடாதீர்கள், நீங்களே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு களத்துமேட்டில் 15 அடிக் கயிற்றோடு பழக்கலாம். வராவிட்டால் இழுக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் நாலு அடி ஓடுங்கள், துரத்திக்கொண்டு வரும்.

அடுத்தது வாத்து. மேய்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, 100 அடி தள்ளி நில்லுங்கள். நாய் வாத்தைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் உடனே தீனி. உடம்பு விறைத்து, காது முன்னால் குவிந்து, ஈரலைக்கூட முகராமல் நின்றால் அந்தத் தூரம் அதற்குத் தாங்கவில்லை, 30 அடி பின்வாங்குங்கள். நன்றாக நின்ற நாளில் 10 அடி குறைக்கலாம். பல வாரம் ஆகும், அவசரப்பட்டு ஒரு தடவை துரத்தவிட்டால் அந்த ருசி போகாது. அதுவரை கயிறு கையிலேயே இருக்கட்டும்.

'விடு' இந்த ஊரில் உயிர் காக்கும் சொல். வரப்பில் எலி மருந்து வைக்கிறார்கள், செத்த எலியும் கிடக்கும். மூடிய கைக்குள் தீனி வைத்துக் காட்டுங்கள். நக்கும், பிராண்டும், பேசாமல் இருங்கள். மூக்கை எடுத்த நொடியில் மற்ற கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். தடுமாறாமல் மூக்கை எடுக்கத் தொடங்கிய பிறகே 'விடு' என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு தரையில் வைத்த தீனி, அதன்பின் நடைவழியில் கிடக்கும் எலும்பு. மருந்தைத் தின்றதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வருமா என்று காத்திருக்காமல், மருந்துப் பொட்டலத்தோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

வயல் தண்ணீரில் இறங்கும் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் வருடந்தோறும் போடுங்கள்.

திண்ணைக்கு வருகிறவர் மேல் தாவினால் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டால்தான் தடவல். கையால் தள்ளினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் தாவும்.