சிறுநீரக மருந்து ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரக நோய்க்கான மருந்து ஆராய்ச்சியில் 2001-ஆம் ஆண்டு லோசார்டான், இர்பெசார்டான் ஆய்வுகள் வந்தன. அதன்பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் வரவில்லை. பிறகு 2019-இல் கானாகிளிஃப்லோசின், 2020-இல் டாபாகிளிஃப்லோசினும் ஃபினெரெனோனும், 2022-இல் எம்பாகிளிஃப்லோசின், 2024-இல் செமாகுளுடைடு என்று நல்ல செய்திகள் வரிசையாக வந்துவிட்டன. வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது என்றால் இந்தச் செய்திகளை ஆவலோடு படிப்போம், படிக்கவும் வேண்டும். ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த நல்ல மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தனக்குப் பொருந்தாத மருந்தை வற்புறுத்திக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்தில் முடியலாம்.

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரியது: ரத்தப் பரிசோதனையில் எண் நன்றாக வந்துவிட்டால் நோயாளியும் நன்றாகிவிட்டார் என்று நினைப்பது.

பார்டாக்ஸலோன் என்ற மருந்தின் கதையை இதற்காகவே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதான 227 பேர் பங்கேற்றார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு இஜிஎஃப்ஆர் உயர்ந்தது. இஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்பதற்கான மதிப்பீடு. வழக்கமாக இந்த எண் இறங்கிக்கொண்டேதான் போகும். மருந்தின் வேலையெல்லாம் இறங்கும் வேகத்தைக் குறைப்பதுதான். ஏறுகிறது என்றால் எத்தனை பேருக்கு நம்பிக்கை பிறந்திருக்கும்! உடனே 2,185 பேரை வைத்துப் பெரிய ஆய்வு தொடங்கியது. அதிலும் இஜிஎஃப்ஆர் ஏறியது. ஆனால் மருந்துக் குழுவில் 96 பேருக்கு இதயச் செயலிழப்பு வந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த குழுவில் 55 பேருக்கு. ரத்த அழுத்தமும் கூடியது, சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதமும் கூடியது. டயாலிசிஸ் நிலைக்குப் போனவர்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2012 அக்டோபரில் ஆய்வை நிறுத்தினார்கள். காகிதத்தில் சிறுநீரகம் தேறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

கிரியாட்டினின் குறைந்தது என்ற செய்தியையும் இதே கவனத்தோடுதான் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும். படுத்த படுக்கையாகித் தசை கரைந்தவருக்கும் அது குறையும்.

சிறுநீரில் புரதம் குறைவதும் அப்படித்தான். பொதுவாக அது நல்ல அறிகுறி, மறுக்கவில்லை. ஆனால் ரத்த அழுத்த மாத்திரைகளில் டெல்மிசார்டான் ஒரு வகை, ராமிப்ரில் இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்கும் என்று பல மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. 25,620 பேரை வைத்து நடந்த ஆன்டார்கெட் ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குப் புரதம் கசிவது நன்றாகக் கட்டுப்பட்டது, ஆனால் டயாலிசிஸ் தேவைப்படுவதும் கிரியாட்டினின் இரட்டிப்பாவதும் அவர்களிடம்தான் சற்று அதிகம். 2013-இல் லோசார்டானையும் லிசினோப்ரிலையும் சேர்த்துப் பார்த்த ஆய்வை, பொட்டாசியம் ஏறியதாலும் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதாலும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றைக்கும் ஒரு மருத்துவர் எழுதிய சீட்டில் ஒன்றும், இன்னொருவர் எழுதிய சீட்டில் மற்றொன்றுமாக இரண்டையும் ஒருவர் சாப்பிட நேரலாம். வீட்டிலுள்ள எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ‘ப்ரில்’ என்று முடியும் ஒன்றும் ‘சார்டான்’ என்று முடியும் ஒன்றும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ரத்தசோகை விஷயத்தில் பட்ட அடி இதைவிடப் பலமானது. சிறுநீரகம் பழுதானால் ஹீமோகுளோபின் குறையும், ஊசி போட்டு அதை ஏற்றலாம். சரி, இயல்பான அளவுக்கே ஏற்றிவிட்டால் இன்னும் நல்லதுதானே? 2009-இல் முடிந்த ட்ரீட் ஆய்வில் 4,038 பேர். ஒரு குழுவுக்கு ஹீமோகுளோபினை 13 வரை ஏற்ற முயன்றார்கள். அந்தக் குழுவில் 101 பேருக்குப் பக்கவாதம், மற்ற குழுவில் 53 பேருக்கு. “இன்னும் ஏன் பத்திலேயே வைத்திருக்கிறீர்கள், ஊசியைக் கூட்டுங்கள்” என்று மருத்துவரை நெருக்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருக்கின்றன என்பதால் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும் என்று முடிவு கட்டுவது. யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களுக்குச் சிறுநீரகம் வேகமாகப் பழுதாகிறது என்பது பல காலமாகக் கவனித்த விஷயம். அதனால் கீல்வாதமே இல்லாதவர்களுக்கும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையை எழுதிக்கொடுக்கும் பழக்கம் பரவியது. 2020-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன, இரண்டிலும் யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள். யூரிக் அமிலம் நன்றாகவே குறைந்தது. சிறுநீரகம் பழுதாகும் வேகம் குறையவில்லை. ஆகவே “இந்தப் பொருள் அதிகமுள்ளவர்களுக்கு நோய் அதிகம்” என்று வரும் செய்தியை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குலுக்கிப் பிரித்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று முதலில் தேடுங்கள்.

இனி சதவீதம். ‘சிறுநீரகப் பாதிப்பை 39 சதவீதம் குறைத்த மருந்து’ என்ற வகைத் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். டாபாகிளிஃப்லோசின் ஆய்வையே எடுத்துப் பார்ப்போம். இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் 2,152 பேர், சுமார் 2.4 ஆண்டுகள். வடிகட்டும் திறன் பாதிக்குக் கீழ் போவது, டயாலிசிஸ் நிலைக்கு வருவது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது, இந்த மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். போலி மாத்திரைக் குழுவில் 312 பேர், அதாவது நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து பேர். மருந்துக் குழுவில் 197 பேர், நூற்றுக்கு ஒன்பது பேர். 39 சதவீதம் என்பது, பாதிப்பு எப்போது வந்தது என்பதையும் கணக்கில் சேர்த்து இந்த இரண்டையும் ஒப்பிட்டு வருவது. நூறு பேரில் ஐந்து பேர் தப்பினார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். பத்தொன்பது பேர் அந்தக் காலம் முழுக்கச் சாப்பிட்டால் ஒருவருக்கு அந்தப் பாதிப்பு தவிர்க்கப்படும்.

இப்படிச் சொல்வதால் மருந்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். இது மிக நல்ல முடிவு. சேர்த்துப் போட்ட கணக்கைப் பிரித்துப் பார்த்தாலும் அது நிற்கிறது: டயாலிசிஸ் போன்ற இறுதி நிலைக்கு வந்தவர்கள் 161-க்குப் பதில் 109, எந்தக் காரணத்தாலும் இறந்தவர்கள் 146-க்குப் பதில் 101. எல்லா ஆய்வும் இப்படிப் பிரித்தபிறகு தாங்காது. சிலவற்றில் ஆய்வக எண் மட்டும் இறங்கியிருக்கும், இறப்பில் மாற்றமே இருக்காது. அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். தலைப்பில் ஒப்பீட்டுச் சதவீதத்தை மட்டும் போட்டு நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை எங்கேயும் சொல்லாத செய்திகள் எனக்குக் கோபத்தை வரவழைக்கின்றன. நோயாளி முடிவெடுக்கத் தேவைப்படும் எண் அதுதான்.

அந்த ஆய்வில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இஜிஎஃப்ஆர் 25 முதல் 75 வரை, சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல். முதல் வகைச் சர்க்கரை நோய், பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகம், லூபஸ் என்ற எதிர்ப்பாற்றல் நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு மருந்து வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தம் கிடையாது; இந்த ஆய்வை வைத்து அவர்களுக்கு எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். டயாலிசிஸில் இருப்பவர்களைப் பற்றி இன்னும் கவனம் தேவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மற்றவர்களுக்கு இதயத்தைக் காப்பது உறுதியான விஷயம். டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதைப் புதிதாகத் தொடங்கிப் பார்த்த 2005, 2009 ஆய்வுகளில் கொழுப்பு குறைந்ததே தவிர, இதயப் பாதிப்பு சொல்லும்படி குறையவில்லை.

இப்போது அடிக்கடி வீட்டிலேயே நடக்கும் தவறு. ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.5. லோசார்டானோ டாபாகிளிஃப்லோசினோ தொடங்குகிறார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 1.8. “மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறது” என்று பதறி நிறுத்திவிடுகிறார்கள். இந்த மருந்துகள் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துத்தான் அவற்றைக் காக்கின்றன. அழுத்தம் குறையும்போது முதலில் வடிகட்டும் அளவும் கொஞ்சம் குறையும். டாபாகிளிஃப்லோசின் ஆய்வில் முதல் இரண்டு வாரத்தில் மருந்துக் குழுவின் இஜிஎஃப்ஆர் சுமார் 4 புள்ளி இறங்கியது. அப்புறம் ஆண்டுக்கு 1.7 புள்ளி அளவில்தான் இறங்கியது, போலி மாத்திரைக் குழுவிலோ ஆண்டுக்கு 3.6. முதல் மாதத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் மருந்து கெட்டது என்றே எழுதியிருப்பார்கள். தொடங்கிய நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறாதவரை பெரும்பாலும் மாத்திரையைத் தொடரவே சொல்வார்கள். பொட்டாசியத்தையும் கூடவே பார்ப்பார்கள். அதற்கு மேல் ஏறினால் காரணத்தைத் தேட வேண்டும்.

நோய் முற்றியபிறகாவது இவற்றை நிறுத்தினால் சிறுநீரகம் கொஞ்சம் மீளுமா என்ற கேள்விக்கும் 2022-இல் விடை வந்தது. இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ் இருந்த 411 பேரில் ஒரு பாதிக்கு ‘ப்ரில்’, ‘சார்டான்’ வகை ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து நிறுத்தியவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை.

பக்கவிளைவு அட்டவணையைத் தாண்டிப் போவது கடைசித் தவறு. ஐஜிஏ என்ற சிறுநீரக அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த டெஸ்டிங் ஆய்வைத் தீவிரமான தொற்றுகள் வந்ததால் 2015-இல் நிறுத்தினார்கள். இறப்பும் நேர்ந்தது. பிறகு அளவைக் குறைத்து, தொற்றைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்து மறுபடி தொடங்கினார்கள். 2022-இல் வந்த முடிவில் சிறுநீரகத்துக்குப் பலன் தெரிந்தது, குறைந்த அளவில் தொற்றும் குறைவாகவே இருந்தது. மருந்து ஒன்றுதான், எந்த அளவில், எந்தப் பாதுகாப்போடு என்பதில்தான் எல்லாம் மாறியது. எனவே ஒரு ஆய்வை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போகும்போது மருந்தின் பெயரோடு நிறுத்தாமல் மூன்றைக் கேளுங்கள்: அந்த ஆய்வில் இருந்தவர்களைப் போன்றதுதானா என் நோய், எனக்கு எந்த அளவு, தொடங்கியபிறகு எத்தனை வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். வாந்தி, பேதி வந்து உடலில் நீர் வற்றும் நாட்களில் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.