பியூசிபிள் லிங்க் மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

காரின் பானெட்டுக்கு அடியில் இருக்கும் பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால், இரண்டு தட்டைக் கால்களுடன் வரிசையாக நிற்கும் சின்ன பியூஸ்களுக்குப் பக்கத்தில், தடித்த சதுரக் கட்டிகளாகச் சில பியூஸ்கள் தெரியும். தலைப்பகுதியில் ஒளி புகும் சிறிய ஜன்னல் இருக்கும். 30, 40, 60, 100 என்று ஆம்பியர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இவைதாம் பியூசிபிள் லிங்க்குகள். உதிரிபாகக் கடைகளில் இவற்றில் பெரியதை ‘மெயின் பியூஸ்’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். சின்ன பியூஸ் ஒரு விளக்குக்கோ ஹாரனுக்கோ போகும் வயரைக் காக்கும். லிங்க் என்பதோ பாட்டரியிலிருந்து புறப்பட்டு, பல சாதனங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த வயர் முழுவதையும் காக்கிறது. அதனால்தான் அது எரிந்தால் காரின் ஒரு பகுதியே உயிரிழந்ததுபோல் ஆகிவிடுகிறது. மாற்றுவது பத்து நிமிட வேலை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் தவறுகள் வயரிங்கையே எரிக்கக்கூடியவை என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எரிந்ததற்கான காரணத்தைத் தேடாமல் புதிய லிங்க்கை வைப்பது. சின்ன பியூஸ் சில நேரம் பழமையாலும் அதிர்வாலும் போய்விடக்கூடும். லிங்க் அப்படி எளிதில் போவதில்லை. அது மெதுவாக எரியும்படி வடிவமைக்கப்பட்டது. தன் அளவைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தைக்கூடச் சில விநாடிகள் தாங்கி நிற்கும். அப்படிப்பட்ட ஒன்று உருகியிருக்கிறது என்றால், அளவுக்கு மீறிய மின்னோட்டம் நெடுநேரம் ஓடியிருக்க வேண்டும், அல்லது எங்கோ நேரடி ஷார்ட் ஆகியிருக்க வேண்டும்.

உறவினர் ஒருவரின் பத்து வயதுக் காரில் ரேடியேட்டர் விசிறிக்கான 40 ஆம்பியர் லிங்க் ஒரே மாதத்தில் இரண்டு முறை போனது. இரண்டு முறையும் பணிமனையில் புதியதை வைத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை, இன்ஜின் நன்றாக ஆறி, பாட்டரியும் கழற்றப்பட்டிருந்தபோது நான் விசிறியின் இறக்கையை விரலால் சுற்றிப் பார்த்தேன். தள்ளிவிட்டால் தானாகச் சற்றாவது ஓட வேண்டிய விசிறி, விரலை எடுத்த இடத்திலேயே நின்றது. சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் கையில் உணர முடிந்தது. மோட்டாரின் பேரிங் போயிருந்தது. இறுகிய மோட்டார் சுற்ற முடியாமல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். போக்குவரத்து நெரிசலில் விசிறி நெடுநேரம் ஓடும்போது லிங்க் மெல்லச் சூடேறி உருகும். குற்றவாளி மோட்டார், இரண்டு முறையும் தண்டனை பெற்றதோ லிங்க்.

உருகியிருக்கும் விதமே ஓரளவு காரணத்தைச் சொல்லிவிடும். ஜன்னல் வழியே பார்க்கும்போது, உள்ளிருக்கும் உலோகப் பட்டையின் நடுவில் மட்டும் சுத்தமாக ஓர் இடைவெளி விழுந்திருந்தால், அது பெரும்பாலும் மெல்ல நிகழ்ந்த மிகைச்சுமை. ஜன்னலே கருகி, உலோகத் துளிகள் உள்ளே தெறித்து ஒட்டியிருந்தால், நேரடி ஷார்ட் என்று சந்தேகிக்க வேண்டும். பல லிங்க்குகளில் அந்தப் பட்டையின் நடுவே வெள்ளீயப் பொட்டு ஒன்று வைத்திருப்பார்கள். தாமிரம் உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகித் தாமிரத்தோடு கலந்து, அந்த இடத்தைக் குறைந்த வெப்பத்திலேயே அறுந்துபோகச் செய்கிறது. மெதுவாகவும் ஆனால் தவறாமலும் எரிவதற்கான இரகசியம் அந்தப் பொட்டுதான்.

காரணம் இன்னும் நீங்கவில்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. செருகும் வகை லிங்க்காக இருந்தால், அது இருந்த வெற்றுப் பள்ளத்தின் இரு முனைகளுக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வயர் வைத்து இணைத்து, எல்லா சுவிட்சுகளையும் அணைத்த நிலையில் பாட்டரியைச் சேர்க்க வேண்டும். பல்பு முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால், அந்தப் பாதையில் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். ஒரு கணம் மங்கலாக மின்னி அணைந்தால் கவலை இல்லை. ஷார்ட் இருந்தாலும் பல்பின் வழியே இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும் என்பதால் எதுவும் எரியாது. புதிய லிங்க் ஒன்றை வீணாக்கிச் சோதிக்கவும் வேண்டாம். பல்பு எரியும்போதே வயரிங்கின் இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வந்தால், எதைக் கழற்றும்போது அணைகிறதோ அங்கேதான் குறை. எலி கடித்த வயர், பிற்பாடு சேர்த்த ஹாரன், தரமில்லாத ஆம்ப்ளிஃபயர் இணைப்பு ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

பாட்டரியின் முனைகளை இடம் மாற்றிப் பொருத்தியதாலோ, ஜம்ப்பர் கேபிளைத் தலைகீழாக மாட்டியதாலோ மெயின் லிங்க் போயிருந்தால் அது தனி வகை. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடுபவை. பாட்டரி தலைகீழானதும் அவை திறந்த கதவாகிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய, லிங்க் தன்னை எரித்துக்கொண்டு மற்றவற்றைக் காக்க முயல்கிறது. அது உருகுவதற்கு முன்பே டையோடுகள் கெட்டுப்போயிருக்கலாம். ஆகவே இந்தச் சூழலில் லிங்க்கை மாற்றி, கார் ஸ்டார்ட் ஆனதும் நிம்மதியாகப் போய்விடுவது தவறு. இன்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தாலும், மின் பணியாளர் ஒருவரிடம் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்வதே பாதுகாப்பு.

அடுத்தது ஆம்பியர் விஷயம். பியூஸோ லிங்க்கோ காப்பது சாதனத்தை அல்ல, வயரை. 40 ஆம்பியருக்கான வயரில் 60 ஆம்பியர் லிங்க்கை வைத்தால், மின்னோட்டம் ஒன்றரை மடங்கு ஏறும் வரை அது தடுக்காமல் விட்டுவிடும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வயரில் தோன்றும் சூடு 2.25 மடங்காகிவிடும். அந்நிலையில் உருகுவது லிங்க்காக இருக்காது. டாஷ்போர்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் வயரின் உறையாக இருக்கும். ‘அடிக்கடி போகிறது, கொஞ்சம் பெரியதாகப் போடுவோம்’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். தாமிர இழையைச் சுற்றுவது, போல்ட்டைக் குறுக்கே வைப்பது போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அது காப்பே இல்லாத வயர்.

இதில் நிறத்தை நம்பி ஏமாறுவோர் நிறைய. சின்ன பியூஸ்களில் மஞ்சள் என்றால் 20 ஆம்பியர், பச்சை என்றால் 30, சிவப்பு என்றால் 10. செருகும் வகை லிங்க்குகளில் மஞ்சள் 60, பச்சை 40, சிவப்பு 50. ஒரே நிறம் இரண்டு குடும்பங்களில் இரண்டு பொருள் தருகிறது. எண்ணைப் படியுங்கள், பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள். அதோடு, எண் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் நினைக்கக்கூடாது. மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். லிங்க் அதைப் பொறுத்துக்கொள்ளும், விரைவாக எரியும் பியூஸ் பொறுத்துக்கொள்ளாது. உயரம், கால்களின் இடைவெளி, உள்வாங்கும் பெண் முனையா, செருகும் ஆண் முனையா என்பவையும் மாறுபடும் என்பதால், பழைய லிங்க்கைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்ல வழக்கம்.

கழற்றும்போது நடக்கும் தவறுகளுக்கு வருகிறேன். மெயின் லிங்க் பாட்டரியோடு நேரடியாக இணைந்தது. சாவியை அணைத்தாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பானரின் ஒரு முனை லிங்க்கின் போல்ட்டிலும் மறுமுனை காரின் உடலிலும் பட்டால், அந்த இடத்தில் தீப்பொறி பறந்து ஸ்பானரே ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தானாக வந்து தொடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கடைசியாக மாட்ட வேண்டியதும் அதுவே. பாசிட்டிவை முதலில் கழற்றினால் அதே ஸ்பானர் ஆபத்து அங்கேயே வந்துவிடும். மோதிரத்தையும் உலோகப் பட்டை போட்ட கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெகட்டிவைக் கழற்றியதும் பலர் குறடை எடுத்து லிங்க்கைப் பிடித்து மேலே இழுக்கிறார்கள். செருகும் வகையானால் வந்துவிடும். ஆனால் ஜப்பானிய வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பெரிய லிங்க்குகள் திருகாணியால் இறுக்கப்பட்டவை. அந்தத் திருகாணி மேலிருந்து பார்த்தால் தெரியாது. பெட்டியின் பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்து, பெட்டியைச் சற்றுத் தூக்கி, கீழ் மூடியைத் திறந்தால்தான் உள்ளே லிங்க்கின் காலில் வயரின் வளையத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் தலை தெரியும். வலிந்து இழுத்தால் பிளாஸ்டிக் தலை மட்டும் கையோடு வரும், கால்கள் பெட்டிக்குள் தங்கிவிடும். அதைவிட மோசம், பெட்டிக்குள் இருக்கும் நட்டின் இருக்கை உடைந்து போவது. பிறகு முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதாகிறது. அசைந்து கொடுக்காத லிங்க் என்றால், இழுப்பதை நிறுத்தித் திருகாணியைத் தேடுங்கள்.

புதியதைப் பொருத்தும்போது தொடுபரப்பின் சுத்தமும் இறுக்கமும் முக்கியம். பச்சை படிந்த முனையிலோ தளர்ந்த போல்ட்டிலோ வெறும் 10 மில்லிஓம் தடை இருந்தாலே, 60 ஆம்பியர் ஓடும்போது அங்கே 36 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சின்ன பற்றவைப்புக் கோலுக்கு நிகரான சூடு அது; பிளாஸ்டிக் பெட்டி பழுப்பேறி உருகுவது இப்படித்தான். சில நேரம் லிங்க்கும் அந்த வெளிச் சூட்டினாலேயே போகிறது. முனைகளை மென்மையான தூரிகையால் துடைத்து, நிறம் மாறிய வயர் வளையத்தை மாற்றிவிட வேண்டும். அதற்காகப் பலம் கொண்டவரை முறுக்கவும் கூடாது. இந்தச் சிறு போல்ட்டுகளுக்குக் கைப்பிடி சிறிதான ஸ்பானரின் இறுக்கமே போதும், சரியான அளவு காரின் பணிமனைக் கையேட்டில் இருக்கும்.

சோதிப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. லிங்க்கின் பட்டை கிட்டத்தட்ட அறுந்து, மயிரிழை அளவு மட்டும் ஒட்டியிருந்தால், மல்டிமீட்டர் இரு பக்கமும் 12 வோல்ட் காட்டும். பார்ப்பவர் லிங்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். விசிறியையோ முகப்பு விளக்கையோ ஓடவிட்டு, லிங்க்கின் இரு முனைகளுக்கும் இடையே நேரடியாக அளந்து பாருங்கள். நல்ல லிங்க்கில் சில பத்து மில்லிவோல்ட்தான் வரும். அரை வோல்ட் வந்தால் அது போய்க்கொண்டிருக்கிறது.

பழைய கார்களில் லிங்க் என்பது பெட்டிக்குள் இருக்கும் கட்டி அல்ல, பாட்டரிக்கு அருகில் இருக்கும் சாண் நீள வயர். அதன் உறை தீப்பிடிக்காத சிறப்பு ரப்பரால் ஆனது. உள்ளே தாமிரம் உருகினால் உறை கொப்புளித்து நிற்கும். காக்கும் வயரைவிட நான்கு கேஜ் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது வழக்கு. அதாவது 5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 2 சதுர மில்லிமீட்டர் அளவிலான லிங்க். இதன் இடத்தில் அதே பருமனுள்ள சாதாரண வயரை வைத்தால், பிவிசி உறை எரிந்து நெருப்பைப் பரப்பும். நீளத்தைக் கூட்டுவதும் கூடாது.

ஹைப்ரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் செல்லும் எந்தப் பெட்டியையும் தொடக்கூடாது. அது 12 வோல்ட் அல்ல, உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். அது பயிற்சி பெற்றவர் வேலை.

எல்லாம் முடிந்து இருபது நிமிடம் ஓட்டிய பிறகு, இன்ஜினை அணைத்துவிட்டுப் புதிய லிங்க்கின் பிளாஸ்டிக் தலையைப் பக்கத்தில் உள்ள மற்ற லிங்க்குகளோடு ஒப்பிட்டுப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அது மட்டும் தனியாகச் சுடுகிறது என்றால், நெகட்டிவைக் கழற்றிவிட்டு அடியில் இருக்கும் போல்ட்டை மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும்.