சத்தமில்லாமல் ஒழுகிய ஃப்ளஷ் டேங்க்

மாடித் தொட்டியை இரவில் நிரப்பிவிட்டுப் படுத்தால், காலையில் கால்வாசி காணாமல் போயிருக்கும். குழாய் எதுவும் சொட்டவில்லை. வந்து பார்த்த பிளம்பர், தொட்டியில் விரிசல் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் சொட்டு நீலம் ஊற்றி, 30 நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் விட்டேன். கோப்பைக்குள் நீலக் கோடு இறங்கியிருந்தது!

போர் தண்ணீர் ஆயிற்றே, அடியிலிருந்த ரப்பர் வாஷரில் உப்புப் படிந்து சரியாக உட்காரவில்லை. தண்ணீரை அடைத்து, டேங்க்கைக் காலி செய்து, பழைய வாஷரையே கடைக்கு எடுத்துப் போய் அதே மாதிரி வாங்கினேன். (வாயால் அளவு சொல்லி வாங்கி ஒருமுறை பட்டிருக்கிறேன்.) வாஷர் உட்காரும் இடத்தை வினிகர் தொட்ட துணியால் துடைத்தேன். நீர்மட்டம், டேங்க்கில் மிஞ்சும் தண்ணீர் கோப்பைக்குள் வழிந்தோடும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குக் கீழேயே நிற்கும்படி மிதவையையும் 1 அங்குலம் இறக்கினேன். மறுபடி நீலம் ஊற்றிப் பார்த்தேன். கோப்பை வெள்ளையாகவே இருந்தது.