மசித்த உருளைக்கிழங்கு வெண்ணெய் போலக் குழைய

மசித்த உருளைக்கிழங்கு பசை மாதிரி இழுக்கிறதா? பெரும்பாலும் மிக்ஸிதான் காரணம். பிளேடு வேகமாகச் சுற்றும்போது கிழங்கின் செல்கள் உடைந்து ஸ்டார்ச் வெளியே வந்துவிடும். அப்புறம் எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் தேறாது. நானும் ஒருமுறை அவசரத்தில் மிக்ஸியில் போட்டேன். போஸ்டர் ஒட்டத்தான் ஆகும் என்று வீட்டில் சிரித்தார்கள்.

வெந்தால் மாவாக உதிரும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். 1 கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் அடுப்பேற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் ஓரம் கரைந்துபோகும், நடுப்பகுதி வேகாமல் நிற்கும். கத்தி தடையில்லாமல் இறங்கினால் பதம் சரி.

பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த வேலையைத்தான். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் கிழங்கை மட்டும் சிறு தீயில் 1 அல்லது 2 நிமிடம் குலுக்கிக்கொண்டே இருங்கள். ஆவி பறந்து, துண்டுகளின் மேல் வெள்ளையாக மாவு பூத்தது போலத் தெரியும். ஈரம் போனால்தான் வெண்ணெய் உள்ளே இறங்கும்.

சூடு ஆறுவதற்குள் மத்தால் மசியுங்கள். இன்னும் நைஸாக வேண்டுமா? சல்லடையில் வைத்துக் கரண்டியால் அழுத்தித் தேய்க்கலாம். கை வலிக்கும், ஆனால் பலன் உண்டு. முதலில் 100 கிராம் வெண்ணெய், அது கலந்த பிறகு சூடான பால் சுமார் 200 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றாதீர்கள், கிழங்கு ஆறிப்போகும். மிளகுத்தூள் உங்கள் விருப்பம்.